தறிவீட்டுப் புழக்கடையும் கணக்கில் வரட்டும்

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். ஆரணியில் இந்தப் பனிக்காலத்துக் காலை வேளையில் நெசவாளர் தெருக்களில் போனால், வீட்டு வாசல் வரிசைக்கு முன்னால் பட்டுப் பாவு நீட்டிக் கட்டியிருப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் இழையைச் சீர்செய்து முடிக்க வேண்டுமென்று வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும் தெருவில் நிற்பார்கள். அதே வேளையில் வீட்டின் பின்புறம் பஞ்சாரத்தைத் திறந்து விட்டது யார், முருங்கையடியில் கட்டிய ஆட்டுக்குத் தழை போட்டது யார் என்று கேட்டால் பெரும்பாலும் அந்த வீட்டுப் பாட்டியாகவோ மருமகளாகவோ இருக்கும். பாவைப் பற்றிப் பேச ஊரில் ஆயிரம் பேர் உண்டு. புழக்கடையைப் பற்றிப் பேசத்தான் ஆள் இல்லை.

ஆரணி என்றால் வெளியூராருக்குப் பட்டும் அரிசியும் நினைவுக்கு வரும். அரிசிக்காரர் விவசாயி, பட்டுக்காரர் நெசவாளி என்று இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது அலுவலகங்களின் வழக்கம். விவசாயிக்கு வேளாண்மைத் துறை, கால்நடைத் துறை. நெசவாளிக்குக் கைத்தறித் துறை, கூட்டுறவுச் சங்கம். நெசவாளி வீட்டில் பத்துக் கோழியும் இரண்டு ஆடும் இருப்பது எந்தப் பதிவேட்டிலும் எடுப்பாகத் தெரிவதில்லை. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டம்கூடக் கிராம ஊராட்சிகளில் வசிக்கும் ஏழைக் குடும்பங்களுக்கென்றே வகுக்கப்பட்டது. தேவிகாபுரம், ஒண்ணுபுரம் போன்ற ஊர்களில் தறி போட்டிருப்பவர் கிராமத்தார். ஆரணி நகராட்சிக்குள் தறி போட்டிருப்பவர் நகரத்தார். இருவர் வீட்டுக் கோழிக்கும் வருகிற நோய் ஒன்றுதான்.

புழக்கடை வருமானம் சிறியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது வருகிற நேரம் முக்கியம். நெசவாளிக்குச் சேலையை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. பாவு ஏற்றி, இழை பிணைத்து, தறி ஓடத் தொடங்கி, முதல் சேலை இறங்கும் வரை வீட்டுச் செலவு நிற்காது. அந்த இடைவெளியில் முட்டை விற்ற காசும், ஒரு சேவல் விற்ற காசும், பந்தலில் பறித்த நாலு புடலங்காயும் கடன் வாங்காமல் காப்பாற்றுகின்றன. இந்தக் காசு பெண்கள் கையில் நேராக வருவது. முதலாளியிடம் முன்பணம் கேட்டு நிற்க வேண்டியதில்லை.

இந்தச் சிறு செல்வத்தை ஒரே வாரத்தில் துடைத்துக்கொண்டு போவது வெள்ளைக்கழிச்சல். பனி விலகி வெயில் ஏறும் மாசி, பங்குனி, சித்திரையில்தான் இது அதிகம். நேற்று வரை மேய்ந்த கோழி இறக்கையைத் தொங்கவிட்டு மூலையில் உறங்கும். வெள்ளையும் பச்சையுமாய்க் கழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். சில கோழிகள் கழுத்து முறுக்கிக்கொண்டு சுற்றும். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகச் சாயும். நோய் வந்த பின் இதற்கு மருந்து இல்லை. வெங்காயமும் மிளகும் கொடுத்துப் பார்ப்பதில் வீட்டாருக்கு மனஆறுதல் கிடைக்கலாம். கோழி பிழைத்தால் அது கோழியின் அதிர்ஷ்டம்.

இந்நோய் 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டே இமயமலை அடிவாரக் குமாவோன் பகுதியில் ராணிகேத் என்ற ஊரில் தென்பட்டது. அதனால்தான் நம் நாட்டில் அதற்கு ராணிகேத் நோய் என்றே பெயர் நிலைத்தது. அதே குமாவோன் மலையில் உள்ள முக்தேசுவரம் ஆராய்ச்சி நிலையத்தில் 1940-களில் இதற்குத் தடுப்பு மருந்தும் பிறந்தது. இன்றும் எட்டு வாரத்துக்கு மேற்பட்ட கோழிகளுக்கு இறக்கையடியில் போடுகிற ஆர்-2-பி ஊசி அந்த வழியில் வந்ததுதான். ஆக, கைக்கு மருந்து வந்து எண்பது ஆண்டுக்கு மேலாகிறது. அதன் பிறகும் ஒரு தெருக் கோழி முழுவதும் செத்துக் கிடக்கும்போது, "கோழிக்கு அம்மா வந்துவிட்டாள், என்ன செய்வது" என்று சொல்லிக்கொண்டிருப்பது நியாயமில்லை.

தமிழகக் கால்நடைப் பராமரிப்புத் துறை பல ஆண்டுகளாகப் பிப்ரவரி மாதத்தில் இரண்டு வாரம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்தி வருகிறது. ஊசிக்குக் காசு கிடையாது. காலமும் சரியாகத் தேர்ந்த காலம். ஊசி போட்ட மறுநாளே கோழிக்குக் காப்பு வந்துவிடாது. உடம்பில் எதிர்ப்பு ஏற இரண்டு வாரம் ஆகும். தை கடைசியில் போட்டால் மாசி நடுவில் கோழி தயாராயிருக்கும். பக்கத்துத் தெருவில் கோழி சாய்ந்த செய்தி கேட்டு மருத்துவமனைக்கு ஓடுவது, வெள்ளம் வந்தபின் கரை கட்டுவது போலத்தான்.

முகாம் நல்லது, முகாமின் மணிதான் சரியில்லை. காலை பத்து மணிக்கு மேசை போட்டு உட்கார்ந்தால் கோழி எங்கே இருக்கும்? எதிர் வீட்டுக் குப்பையிலும், அரிசி மில் ஓரத்திலும், ஆற்றங்கரையிலும் இருக்கும். அந்த நேரத்தில் வீட்டுப் பெண்கள் தார் சுற்றிக் கொண்டிருப்பார்கள். ஆண் தறிக்குழியில் இருப்பார். நாட்டுக்கோழியைப் பட்டப்பகலில் துரத்திப் பிடிப்பது யாருக்கும் ஆகிற காரியமல்ல. பிடித்தாலும் மிரண்ட கோழி ஊசியைத் தாங்கி நிற்கச் சிரமப்படும். கோழி பஞ்சாரத்தில் இருக்கிற நேரம் விடியற்காலையும் அந்திக்கருக்கலும். காலை ஆறு முதல் எட்டு வரை, அல்லது மாலை ஆறு முதல் எட்டு வரை தெருத்தெருவாகப் போனால் ஒரே நாளில் ஒரு தெருவை முடித்துவிடலாம். மருந்தைக் குளிர் குறையாமல் பனிக்கட்டி போட்ட குடுவையில் வைத்து, கலக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுத் தீர்க்க வேண்டும் என்பதாலும் வெயில் இல்லாத வேளையே உகந்தது.

இத்தனை தெருவுக்கு ஆள் ஏது என்று துறையினர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் நாட்டில் இதே கேள்வி எழுந்தபோது, கிராமத்துப் பெண்களையே பழக்கினார்கள். வெப்பத்தை ஓரளவு தாங்கும் மருந்தைக் கண்ணில் ஒரு சொட்டு விடுவது அவர்கள் வேலை. கோழிக்கு இவ்வளவு என்று ஒரு சிறு கட்டணம் அவர்கள் கூலி. ஆண்டுக்குச் சில முறை குறித்த மாதத்தில் வீடு வீடாகப் போவார்கள். ஆரணியில் மகளிர் சுய உதவிக் குழு இல்லாத தெரு அரிது. ஒரு குழுவுக்கு இரண்டு பெண்களைக் கால்நடை மருத்துவர் பழக்கி, குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் விடும் கண்சொட்டு மருந்தை அவர்கள் பொறுப்பில் விடலாம். எட்டு வாரத்துக்குமேல் போடுகிற ஊசி மருத்துவமனையார் கையிலேயே இருக்கட்டும். இளங்குஞ்சுக்கு அந்த ஊசியைப் போட்டால் மருந்தே நோயாகும் என்பதால் அதில் விளையாட்டு கூடாது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இந்நோய்க்குத் தீவனக் குருணை வடிவில் தடுப்பு மருந்து உருவாக்கியிருக்கிறது. கோழியைப் பிடிக்காமலே காக்க ஒரு வழி என்ற முறையில் தறி ஊர்களுக்கு அது பொருத்தமானது. அதைத் தறித் தெருக்களுக்கும் கொண்டுவர வேண்டும்.

வீட்டார் மேலும் குறை இருக்கிறது. பக்கத்து வீட்டில் ஒரு கோழி சாய்ந்தது என்றதும், தன் கோழியை அன்றே சந்தைக்குக் கொண்டுபோய் வந்த விலைக்குத் தள்ளுவது பலர் வழக்கம். வாங்குகிறவர் அந்த நோயைப் பத்து மைல் தள்ளியுள்ள ஊருக்கு எடுத்துப் போகிறார். செத்த கோழியைக் கமண்டல நாகநதியின் மணலில் வீசுவதும் அப்படியே. நாயும் காகமும் இழுத்துக்கொண்டு வந்து நாலு தெருவில் போடும். ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்க அரைமணி நேரம் போதும். புதுக் கோழி வாங்கினால் பத்து நாளாவது தனியே கட்டி வைத்துப் பார்த்த பிறகே கூட்டத்தில் விட வேண்டும். சம்பந்தி வீட்டுச் சீராக வந்த கோழிக்கும் இது பொருந்தும். மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

பட்டு நெய்கிற வீட்டில் கோழி எதற்கு, எச்சமும் இறகும் பாவில் பட்டால் சேலை பாழாகாதா என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. ஒரு கோழி தறிக்குழிக்குள் இறங்கிவிட்டால் என்ன ஆகும் என்பது கண்டவர்களுக்குத் தெரியும். இழை அறுந்த இடத்தைப் பிணைக்கவே அரை நாள் போகும். அதற்குப் பரிகாரம் கோழியை விற்பதல்ல. தறிவீட்டுக் கதவுக்கு முழங்கால் உயரத்தில் ஒரு தட்டி, புழக்கடையைச் சுற்றி ஒரு மூங்கில் படல், இவ்வளவே. எட்டுக் கோழிக்கு மேல் வைத்துக்கொள்ளாமலிருப்பதும் நல்லது. நாட்டுக்கோழி ஆண்டுக்கு அறுபது எண்பது முட்டைதான் இடும். பாதியை விற்று, பாதியை அடைக்கு வைக்கலாம். அடை வைக்கவும் இதுவே பருவம். சித்திரை வெயிலில் முட்டை கெடும். தை, மாசியில் வைத்த அடை இருபத்தொரு நாளில் நன்றாகப் பொரிக்கும். குஞ்சுகளைப் பனி விலகிய பிறகு வெளியே விட்டால் போதும். பருந்துக்கும் கீரிக்கும் மட்டும் கண் வைக்க வேண்டும்.

கோழிக்கு வெயில் காலத்தில் வேண்டியது நிழல். அதற்காகத் தனிக் கொட்டகை போட வேண்டியதில்லை. இப்போதே ஒரு பந்தல் போட்டால் காயும் ஆயிற்று, கூரையும் ஆயிற்று. புடல், பீர்க்கு, பாகல், சுரை ஆகிய கொடிகளுக்கு ஆடிக்கு அடுத்தபடி தைதான் பட்டம். ஒரு அடி நீள அகல ஆழத்தில் குழி வெட்டி, மக்கிய எருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, குழிக்கு நாலைந்து விதை ஊன்றி, முளைத்த பின் நல்லதாக இரண்டை மட்டும் விட்டுவிடலாம். குழிக்குக் குழி ஆறேழு அடி இடைவெளி இருந்தால் நெரிசல் வராது. மாசி முடிவில் கொடி பந்தலேறும். பங்குனியில் நிழல் கட்டும். பந்தலைத் தறிவீட்டின் மேற்குச் சுவர் ஓரமாகப் போடுவது இரட்டிப்பு லாபம். மாலை வெயில் சுவரில் படாது, தறியறை குளிர்ந்திருக்கும். உலர்ந்த காற்றில் பட்டிழை அடிக்கடி அறுவது நெசவாளிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குழித்தறி நெய்த முன்னோர் தரையின் ஈரத்தைத் தேடியதும் அதனால்தான்.

கோழி எருவைப் பச்சையாகக் கொடியடியில் போடக் கூடாது, வேர் கருகும். இரண்டு மாதமாவது மக்க வேண்டும். சம்பா அறுவடை முடிந்த காலமாதலால் வைக்கோலுக்கும் அரிசி மில்களில் உமிக்கும் தவிட்டுக்கும் ஆரணியில் பஞ்சமில்லை. தவிடு கோழிக்கு, கூளம் கொடியடியில் மூடாக்குக்கு. மூடாக்குப் போட்ட குழிக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் ஊற்றினாலே ஈரம் நிற்கும்.

தண்ணீர் என்றால் ஆரணியில் ஒரு எச்சரிக்கை கட்டாயம் சொல்ல வேண்டும். குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் வாழைக்கும் கல்வாழைக்கும் தாராளமாகப் போகலாம். பட்டு நூலின் பசை நீக்க சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரும், சாயம் அலசிய தண்ணீரும் அப்படியல்ல. சோடா இறங்கிய மண் நாளடைவில் களராகும். மழை பெய்தால் சேறு, காய்ந்தால் ஓடு என்று இறுகிப் போன புழக்கடைகளைப் பழைய சாயப்பட்டறை ஓரங்களில் இன்றும் பார்க்கலாம். வண்ணத் தண்ணீர் பாய்ந்த இடத்தில் கீரை செழிப்பாக வந்தாலும் அதைக் குழந்தைக்கு ஆக்கிப் போடக் கூடாது. கோழிகளையும் அந்தக் குட்டையில் தண்ணீர் குடிக்க விடலாகாது. வெயில் ஏறும்போது கோழிக்கு இரண்டு மண்சட்டியில் நல்ல தண்ணீர் வைத்துவிட்டால் அது குட்டையைத் தேடிப் போகாது.

முல்லைக் கொடி வைத்திருப்பவர்கள் ஜனவரி கடைசி வாரத்தில் கவாத்துச் செய்திருப்பார்கள். விட்டவர்கள் இனியும் தாமதிக்க வேண்டாம். மாமரம் இருக்கிற வீட்டில் பூ கொட்டிவிடும் என்று பயந்து அடியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். அது தவறு. பிஞ்சு பட்டாணி அளவு வந்த பிறகு ஊற்றினால் போதும்.

நகரங்களில் வீட்டுக்கு முன்னால் புல்தரை வளர்த்து, அதை வாரம் ஒருமுறை வெட்டி, வெட்டிய புல்லைக் குப்பையில் கொட்டுகிறார்கள். ஆரணிச் சுற்றுவட்டாரத்திலும் புதிதாகக் கட்டுகிற வீடுகளில் இந்த ஆசை எட்டிப் பார்க்கிறது. புல் வளர்க்க ஆசை இருந்தால் ஆடு தின்கிற புல்லாக வளர்க்கலாமே! கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கம்பு நேப்பியர் ரகங்களில் கோ-4, கோ-5 இரண்டும் இங்கு நன்றாக வரும். இரண்டு கணு உள்ள கரணையை இரண்டடி இடைவெளியில் நட்டால் எழுபத்தைந்து எண்பது நாளில் முதல் அறுப்பு, பிறகு நாற்பத்தைந்து நாளுக்கு ஒன்று. குளியலறைத் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் ஓரத்தில் இருபது கரணை இருந்தால் இரண்டு ஆட்டுக்குக் கோடையில் பசுந்தீவனம் ஓரளவு சமாளிக்கலாம். வேலியில் நாலு அகத்தி இருந்தால் இன்னும் நல்லது.

நாயையும் பூனையையும் விட்டுவிட முடியாது. பாவுக்குப் போட்ட கஞ்சி வாசனைக்கு எலி வரும். எலி வந்தால் பட்டு போகும். அதனால் தறிவீட்டில் பூனை செல்லப்பிராணி மட்டுமல்ல, வேலைக்காரனும்கூட. எலிக்கு விஷம் வைப்பவர்கள் அந்தப் பூனையையும், செத்த எலியைக் கொத்துகிற கோழியையும் சேர்த்தே இழக்கிறார்கள். பொறி வைப்பதே மேல்.

மார்கழியில் பிறந்த நாய்க்குட்டிகள் இப்போது தெருவெங்கும் ஓடுகின்றன. பிள்ளைகள் ஒன்றிரண்டைத் தூக்கி வந்து வளர்க்கும். வளர்ப்பதில் தவறில்லை, மூன்று மாதம் நிரம்பியதும் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும், பிறகு ஆண்டுதோறும் போட வேண்டும். பங்குனியில் அந்தக் கெடு வருகிறது என்று நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளலாம். நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயம் பெரியவர்களுக்கு இன்னும் போகவில்லை. கசௌலியில் டேவிட் செம்பிள் 1911-இல் உருவாக்கிய, ஆட்டு மூளையிலிருந்து எடுத்த பழைய மருந்தின் காலத்துப் பயம் அது. அந்த மருந்து நம் நாட்டில் 2005-க்குள் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது கையில்தான் ஊசி, அதுவும் சில ஊசிகளே. அரசு மருத்துவமனையில் இலவசம். கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றே போக வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி அப்புவது ஆபத்து. பல் பதியவில்லை, கீறல்தான் என்று வீட்டில் இருந்துவிட்ட பிள்ளைகளை இழந்த குடும்பங்கள் தமிழகத்தில் உண்டு. நோய் கண்ட பிறகு காப்பாற்ற வழியில்லை.

நாய் ஊசிக்கும் கோழி ஊசிக்கும் ஒரே மருத்துவமனைதான். ஆகவே கேட்பது பெரிய காரியமல்ல. தறித் தெருவுக்கு ஒரு நாள் குறிக்க வேண்டும். அது வெள்ளிக்கிழமையாகவோ சந்தை நாளாகவோ இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விசைத்தறி ஓசையிலும் கேட்கும்படி முதல் நாள் மாலையே தண்டோராவோ ஒலிபெருக்கியோ வைத்துச் சொல்ல வேண்டும். அன்று மாலை கோழி அடைகிற நேரத்துக்கு மருத்துவர் வர வேண்டும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தங்கள் உறுப்பினர் பட்டியலைக் கால்நடை மருத்துவமனைக்குக் கொடுத்தாலே எந்தத் தெருவில் எத்தனை வீடு என்பது தெரிந்துவிடும். வீட்டார் செய்ய வேண்டியது, அன்று மட்டும் பஞ்சாரத்தைக் கொஞ்சம் முன்னதாகவே கவிழ்த்து வைப்பது. ஒரு கைப்பிடி தவிட்டை நாலு மணிக்கே தூவிக் கூப்பிட்டால் கோழி எல்லாம் வந்துவிடும்.